அம்மாவின் ஐந்தாவது கருத்து

1

"மதம்" என்று கேட்கிற இடம் வந்ததும் லேயா தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

லேயா என் மகள். பதினெட்டு வயது. ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் நாங்கள் இருக்கும் சின்ன ஊரிலேயே பிறந்தவள், ஜெர்மன் பாஸ்போர்ட் வைத்திருப்பவள். அதனால் சொந்தப் பாட்டி வீட்டுக்குப் போவதற்கும் அவளுக்கு விசா வேண்டும். திருச்சியில் என் அம்மா இறந்து இந்த ஆகஸ்ட்டோடு ஒரு வருடம். முதலாமாண்டு பூசைக்கு நானும் லேயாவும் போவதாக முடிவு செய்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். என் மனைவி ஸ்டெல்லா நர்ஸ். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை.

நம் நாட்டு விசாப் படிவத்தைப் பற்றி அனுபவப்பட்டவர்களுக்குத்தான் தெரியும். உடம்பில் மச்சம் எங்கே இருக்கிறது என்பதில் தொடங்கி, தாத்தா எந்த நாட்டுக்காரர் என்பது வரை கேட்பார்கள். கொஞ்சம் யோசித்து எழுதினால் நேரம் முடிந்துவிட்டது என்று எழுதினதையெல்லாம் அழித்துவிடும். எங்களுக்கு அது மூன்றாவது முறை. நான் ஏற்கனவே சூடாக இருந்தேன்.

"இங்க என்ன போடுறதுப்பா?"

"கிறிஸ்டியன்னு போடு."

"ஆனா ஸ்கூல்ல எனக்கு 'இல்லை'ன்னுதானே இருக்கு? அஞ்சாங் கிளாஸ்லேருந்து ரிலிஜன் வகுப்புக்கு நான் போனதே இல்ல. அதுக்குப் பதிலா எதிக்ஸ்தானே படிச்சேன்?"

"அது இந்த ஊர்ப் பேப்பர். இது நம்ம ஊர்ப் பேப்பர். சீக்கிரம் போடு, மறுபடி அழிச்சிடும்."

"ஓ, ஊருக்கு ஒன்னா?" என்றாள். கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. பட்டியலில் தேடிக் கிறிஸ்தவம் என்பதை அமுக்கிவிட்டு, "அப்பா, உங்ககிட்ட ஒன்னு சொல்லணும்" என்று ஆரம்பித்தவள், என் முகத்தைப் பார்த்ததும் "பரவால்ல, அப்புறம் சொல்றேன்" என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள். பள்ளிப் படிப்பு முடிந்து, இலையுதிர் காலத்தில் பல்கலைக்கழகத்தில் பொறியியல் சேரப்போகிறவள். வீட்டிலிருந்தே ரயிலில் போய் வரலாம் என்று ரயில் நேரம் வரை நான் பார்த்து வைத்திருந்தேன். ஏதாவது லேப்டாப் கேட்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு மனசு முழுக்க அந்தக் கட்டத்திலேயே இருந்தது. இந்த ஊருக்கு வந்த புதிதில் இதே மாதிரி ஒரு கட்டத்தில் நான் எழுதிய ஒரு சொல்லை அம்மாவிடம் கடைசி வரை சொல்லவில்லை. சொல்லாமலே அவளைக் கல்லறையில் வைத்துவிட்டு வந்தேன். ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை எழுதுவது அதனால்தான்.

2

என் அம்மா லூர்து மேரி டீச்சர். கணக்கு டீச்சர். தென்னூரில் எங்கள் வீட்டில் தினமும் மாலை ஏழரைக்கு ஜெபமாலை. டி.வி.யில் எது ஓடினாலும் சரி, வீட்டுக்கு யார் வந்திருந்தாலும் சரி, ஏழரை என்றால் ஏழரைதான். வந்தவர்கள் ஒன்று சேர்ந்து முழங்கால் போட வேண்டும், இல்லாவிட்டால் ஏழு இருபதுக்குக் கிளம்ப வேண்டும். எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் ஏழு பத்துக்கே கிளம்பிவிடுவார்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜெபமாலை என்பது ஐந்து பத்து. ஒவ்வொரு பத்திலும் 'அருள் நிறைந்த மரியே' என்ற ஜெபத்தைப் பத்துத் தடவை சொல்வோம். ஒருவர் முதல் பாதியைச் சொல்ல மற்றவர்கள் மறுபாதியைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பத்தும் ஆரம்பிக்கும் முன், இந்தப் பத்தை இன்ன காரியத்துக்காக ஒப்புக்கொடுக்கிறோம் என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்வார். அதற்குப் பெயர் கருத்து. மற்ற வீடுகளில் நோயாளிகளுக்காக, மழைக்காக, உலக சமாதானத்துக்காக என்று கருத்துச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் உலகம் அவ்வளவு தூரம் போகாது.

"ஆண்டவரே, இந்த வீட்டுல ஒருத்தர் தினமும் குளிச்சிட்டு ஈரத் துண்டைக் கட்டில் மேல போடுறார். மெத்தை நாறுது. அவருக்கு நல்ல புத்தியைக் கொடும்" என்பாள் அம்மா, கண்ணை இறுக மூடிக்கொண்டு.

அப்பா ரயில்வேயில் கிளார்க். ஆபீசில் மேலதிகாரி திட்டினால்கூடப் பேசாதவர். ஆனால் தன்னுடைய பத்து வரும் வரை பொறுத்திருந்து, "ஆண்டவரே, துண்டைத் தவிர வேற குறையே இல்லாத புருஷனை ஒரு பெண்மணிக்குக் கொடுத்திருக்கீர். அதுக்கு அவங்க நன்றி சொல்ற மனசைக் கொடும்" என்பார். எனக்கும் ஜெசிந்தா அக்காவுக்கும் சிரிப்பை அடக்குவதே பெரிய தவமாக இருக்கும்.

எட்டாம் வகுப்பில் நான் கணக்கில் முப்பத்தெட்டு மார்க் வாங்கினேன். கணக்கு டீச்சர் மகன் முப்பத்தெட்டு வாங்கினால் எப்படி வீட்டுக்குப் போவது? ரிப்போர்ட் கார்டை அரிசி டின்னுக்கு அடியில் தள்ளிவிட்டேன். மூன்றாம் நாள் மாலை அம்மா இரண்டாவது கருத்தைச் சொன்னாள்: "ஆண்டவரே, அரிசி டின்னுக்கு அடியில இருக்கற முப்பத்தெட்டு மார்க்குக்காகவும், அதை என்கிட்ட காட்டத் தைரியம் இல்லாத பிள்ளைக்காகவும்." எனக்கு உயிரே போய்விட்டது. அம்மாவுக்குத் தெரியாமல் இந்த வீட்டில் எதுவும் நடக்காது, தெரிந்தால் அது ஏழரைக்குக் கட்டாயம் வெளியே வரும் என்று அன்றைக்கு முடிவு கட்டினேன். அந்த முடிவில் ஒரு பாதி தப்பு என்று தெரிய எனக்கு ஐம்பது வயது தாண்ட வேண்டியிருந்தது.

இதையெல்லாம் படித்து, அம்மா ஜெபத்தைச் சாக்காக வைத்து எங்களைத் திட்டினாள் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் நிஜமாகவே நம்பிக் கேட்டாள். காலை ஐந்து மணிக்கு, பால் வருவதற்கு முன்னால், அடுப்படியில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு அதில் முழங்கால் போட்டிருப்பாள். நான் பல் தேய்க்கப் போகிறபோது பார்த்திருக்கிறேன். உதடு மட்டும் அசையும். அந்த முகத்தில் டீச்சர் இருக்க மாட்டாள். யாரிடமோ எதையோ கேட்டு வாங்கப் போன சின்னப் பெண் மாதிரி இருப்பாள்.

அம்மாவுக்கு ஒரு கூட்டாளியும் உண்டு. அதே பள்ளியில் தமிழ் எடுத்த வைதேகி டீச்சர், ஸ்ரீரங்கத்து ஐயங்கார். சாயங்காலம் பள்ளி விட்டு இருவரும் சத்திரம் பேருந்து நிலையம் வரை சேர்ந்து வருவார்கள். அங்கே இவளுக்குத் தென்னூர் பஸ், அவருக்கு ஸ்ரீரங்கம் பஸ். பஸ் வருகிற வரை நின்றபடியே ஒரு கொடுக்கல் வாங்கல் நடக்கும். வைதேகி டீச்சர் தன் பிள்ளைகளுடைய கஷ்டத்தை அம்மாவிடம் சொல்வார், அம்மா அதை மாதாவிடம் கொண்டு போவாள். அம்மா எங்கள் கஷ்டத்தை அவரிடம் சொல்வாள், அவர் அதைத் தாயார் சன்னதிக்குக் கொண்டு போவார். "நம்ம பிள்ளைக்கு நாமே கேட்டா பேராசை வந்துடும். அடுத்தவங்க பிள்ளைக்குக் கேக்குறப்ப அளவாக் கேப்போம்" என்பது அம்மா சொன்ன விளக்கம். வைதேகி டீச்சர் மகனுக்கு பேங்க் வேலை கிடைக்க வேண்டும் என்று நாங்கள் ஒரு வருடம் முழங்கால் வலிக்க ஜெபித்திருக்கிறோம். கிடைத்ததும் அவன் எங்கள் வீட்டுக்குப் புளியோதரை கொண்டு வந்து கொடுத்தான்.

3

இந்தக் கருத்துச் சொல்லும் பழக்கத்துக்கு அம்மா ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தாள். ஜெபத்தில் ஒருவர் என்ன சொன்னாலும், அந்தப் பத்து முடிகிற வரை யாரும் பதில் பேசக் கூடாது. முகத்தைச் சுளிக்கக் கூடாது. 'அருள் நிறைந்த மரியே' பத்தும் சொல்லி முடித்து, ஆமென் சொன்ன பிறகு எது வேண்டுமானாலும் கேட்கலாம்.

அந்தச் சட்டத்தின் அருமை எனக்குத் தெரிந்தது, ஜெர்மனியில் வேலை கிடைத்தபோது. ஒரு தொழிற்சாலையில் இயந்திர வடிவமைப்பு வேலை. கடிதம் வந்து இரண்டு வாரமாகச் சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது. அப்பாவிடம் எப்படிச் சொல்வது? ஒரே பையன், ரயில்வே பரீட்சை எழுதுவான், புத்தூரில் ஒரு மனை வாங்கி வீடு கட்டுவான் என்று அவர் என்னென்னவோ நினைத்திருந்தார். வேறு வழியில்லாமல் ஒரு நாள் மாலை மூன்றாவது பத்துக்கு நானே கருத்துச் சொன்னேன். "ஆண்டவரே, எனக்கு ஜெர்மனியில வேலை கிடைச்சிருக்கு. அடுத்த மாசம் போகணும். அப்பாகிட்ட சொல்ல பயமா இருக்கு" என்றேன்.

அப்பா வாயைத் திறந்தார். அம்மா ஜெபமாலையைப் பிடித்திருந்த கையை லேசாக உயர்த்தினாள். அவ்வளவுதான். நான் முதல் பாதியைச் சொல்லத் தொடங்க, அப்பா வேறு வழியில்லாமல் மறுபாதியைச் சொன்னார். முதல் மூன்று தடவை அவர் குரல் கதவை அறைந்து சாத்துவது போல இருந்தது. ஐந்தாவதில் கொஞ்சம் இறங்கியது. எட்டாவதில் தொண்டை கமறியது. பத்தாவது முடிந்து ஆமென் சொன்னோம். அப்பா மூக்கைச் சிந்திவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"அங்க சோறு கெடைக்குமா?"

அதற்கு மேல் அவர் என்னைத் தடுக்கவே இல்லை. நான் போன நான்காம் வருடம் இறந்துபோனார்.

4

இந்த நாட்டில் எந்த ஊரில் குடியேறினாலும் நகராட்சி அலுவலகத்துக்குப் போய்ப் பதிவு செய்ய வேண்டும். கையில் சீட்டு எடுத்து, எண் வரும் வரை உட்கார்ந்து, உள்ளே போனால் ஒரு படிவம். அதில் மதம் என்று ஒரு கட்டம். எனக்கு முன்பே இங்கு வந்திருந்த ஒரு தமிழ் நண்பர் கூட வந்திருந்தார். "கத்தோலிக்கம்னு எழுதினா சம்பளத்துல சர்ச் வரி பிடிப்பாங்க. இல்லைன்னு எழுதுங்க. எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க" என்றார்.

நானும் எழுதினேன். ஒரே ஒரு சின்ன வார்த்தை. எழுதும்போது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. வெளியே வந்து டிராமில் ஏறிய பிறகுதான் அடுப்படிச் சாக்கும் அம்மாவின் முழங்காலும் ஞாபகம் வந்தது. திரும்பிப் போய் மாற்றிவிட்டு வரலாம் என்று நினைத்தேன், மறுபடியும் சீட்டு எடுக்க வேண்டுமே என்று போகவில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆயிற்று. கோயிலுக்கு முதலில் மாதம் ஒரு முறை போனேன். பிறகு கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் போனேன். பிறகு ஸ்டெல்லா மட்டும் போனாள். லேயாவுக்கு ஆறு மாதத்தில் திருச்சியில் வைத்து அம்மாவே முன்னால் நின்று ஞானஸ்நானம் கொடுக்க வைத்தாள். ஆனால் ஐந்தாம் வகுப்புக்குப் பள்ளிப் படிவம் வந்தபோது, நகராட்சித் தாளும் பள்ளித் தாளும் ஒத்துப்போக வேண்டுமே என்று அவளுக்கும் இல்லை என்றே எழுதிவிட்டேன். ஒரு பொய் எழுதினால் அடுத்த படிவத்தில் அதற்கு ஒரு தம்பி பிறக்கும்.

அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு லீவிலும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போவேன். ஏழரை மணி ஆனதும் பயம் வந்துவிடும். அக்கா, அத்தான், பக்கத்து வீட்டார் எல்லார் முன்னாலும், "ஆண்டவரே, உம்மை இல்லைன்னு எழுதிக் கொடுத்த பிள்ளைக்காக" என்று அம்மா ஆரம்பித்தால் என்ன செய்வது? அரிசி டின் ஞாபகம் என்னை விடவே இல்லை.

வாட்ஸ்அப் வந்த பிறகு ஜெபமாலை எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. திருச்சியில் ஏழரை என்றால் இங்கே கோடையில் நாலு மணி, குளிர்காலத்தில் மூன்று மணி. "வருஷத்துக்கு ரெண்டு தடவை கடிகாரத்தை மாத்துற ஊரு என்ன ஊருடா" என்று அம்மா கேட்பாள். அவள் நேரத்தை மாற்றவில்லை, நாங்கள்தான் மாற்றிக்கொண்டோம். நான் ஆபீஸ் மாடிப்படியில் நின்றுகொண்டு, மைக்கை அணைத்துவிட்டு, உதட்டை மட்டும் அசைப்பேன். லேயா பள்ளியிலிருந்து வந்து, சமையலறையில் ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டே சேர்ந்துகொள்வாள். தமிழ் ஜெபம் முழுவதையும் அவள் போனில் கேட்டே பாடம் செய்தாள். கருத்தும் சொல்வாள். "இயேசுவே, நாளைக்கு எனக்கு நீச்சல் டெஸ்ட். தண்ணி ரொம்பக் குளிரக் கூடாது, பிட்டே" என்று கடைசியில் ஜெர்மன் 'தயவுசெய்து' ஒன்றை ஒட்டிவிடுவாள். அம்மாவும் சிரிக்காமல் ஆமென் சொல்வாள்.

அப்படி ஒரு நாள்தான் அந்த மாற்றம் வந்தது. ஐந்தாவது கருத்து எங்கள் வீட்டில் எப்போதும் இறந்தவர்களுக்கானது. தாத்தாவிலிருந்து அப்பா வரை பெயர் சொல்லி முடிப்பாள். லேயா ஐந்தாம் வகுப்புப் போன வருடம், அம்மா இறந்தவர்களை நான்காவதில் சேர்த்துவிட்டு, ஐந்தாவதுக்கு, "என் சொந்தக் கருத்து ஒன்னுக்காக" என்று மட்டும் சொன்னாள். மறுநாளும் அப்படியே. அதன் பிறகு சாகிற வரை தினமும் அப்படியே.

அக்காவுக்குத் தாங்கவில்லை. "என்னம்மா அது? ஈரத் துண்டையெல்லாம் ஊரறியச் சொன்னீங்க, இதை மட்டும் ஏன் மூடி வைக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"அது எனக்கும் ஆண்டவருக்கும். உனக்கென்ன?" என்றாள் அம்மா.

அக்காவுக்குக் குழந்தை இல்லை. அதற்காகத்தான் கேட்கிறாள் போலிருக்கிறது, புண்படுத்தக் கூடாது என்று மறைக்கிறாள் என்று நான் நினைத்தேன். அக்காவோ, தம்பி திரும்பி ஊருக்கு வரவேண்டும் என்று கேட்கிறாள் என்று நினைத்திருந்தாளாம்.

5

திருச்சியில் காலை ஆறு மணிப் பூசை. பூசை வைத்த சாமியார் அம்மாவின் பெயரை வாசித்தார். கல்லறையில் மாலை போட்டு மெழுகுவர்த்தி ஏற்றினோம். வீட்டுக்கு வந்தவர்களுக்கு அக்கா இட்லியும் கேசரியும் கொடுத்தாள். எல்லாம் முடிந்ததும், அம்மா படம் போட்ட நினைவு அட்டை ஒன்றை என்னிடம் கொடுத்து, "வைதேகி டீச்சரால வர முடியல, முட்டி வலி. நீயே போய்க் கொடுத்துட்டு வா" என்றாள்.

நானும் லேயாவும் சத்திரத்தில் பஸ் ஏறினோம். அம்மாவும் வைதேகி டீச்சரும் நிற்கிற இடம் எது என்று லேயா கேட்டாள். பேருந்து நிலையமே மாறிவிட்டது, குத்துமதிப்பாக ஒரு தூணைக் காட்டினேன். அவள் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டாள். காவேரியில் தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது.

வைதேகி டீச்சர் சித்திரை வீதிப் பக்கம் ஒரு அபார்ட்மெண்டில் மகனோடு இருக்கிறார். எண்பது வயது. குரல் மட்டும் இன்னும் வகுப்பறைக் குரல்.

"வாடா அருள். இதுதான் லேயாவா? வாம்மா, ஒக்காரு. உங்க பாட்டி போன்ல உன் படத்தைக் காமிச்சுக் காமிச்சு, நேக்கு உன்னை நன்னாத் தெரியும்."

நினைவு அட்டையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, எழுந்து போய்ப் பெருமாள் படத்துக்குக் கீழே சாய்த்து வைத்தார். நான் ஏதோ சொல்லப் போனேன். "இருக்கட்டும்டா, அவளுக்கு அங்க எடம் உண்டு" என்றார். காபி வந்தது. இரண்டு வாய் குடிப்பதற்குள் கேட்டார்:

"அப்புறம், சொல்லிட்டயா?"

"எதை டீச்சர்?"

"லூர்து எங்கிட்ட ஒப்படைச்சிருந்தாளே, அதைத்தான். எட்டு வருஷமா தாயார் சன்னதியில சொல்லிண்டிருக்கேன். நடக்க முடியலேன்னா ஆத்துலேர்ந்தே சொல்றேன். அவ போனதுக்கப்புறமும் நிறுத்தலை. நீ சொல்லிட்டேன்னா நிறுத்திடலாம்னுதான் கேக்கறேன்."

எனக்குப் புரியவில்லை. டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அந்த ஊர்ல ஏதோ பாரத்துல மதம் இல்லேன்னு எழுதிக் கொடுத்தயாமே. அதை உங்கம்மாகிட்ட சொல்லிட்டயோ இல்லையோ? போறதுக்கு முன்னாடியாவது?"

நான் சொல்லவில்லை என்று தலையசைத்தேன். பக்கத்தில் லேயா தலையைக் குனிந்துகொண்டு, "நான்தான் பாட்டிக்குச் சொன்னேன்பா" என்றாள். "சின்னப் பொண்ணா இருந்தப்ப. ஸ்கூல்ல என்ன பாடம்னு பாட்டி கேட்டாங்க. எனக்கு ரிலிஜன் கிடையாது, அப்பா இல்லைன்னு எழுதினாங்க, அவங்க பேப்பர்லயும் இல்லைன்னுதான் இருக்குன்னு சொன்னேன். பாட்டி ரெண்டு தடவை திரும்பக் கேட்டாங்க. அப்புறம், நீ சொன்னதா அப்பாகிட்ட சொல்லாத, அப்பாவே எங்கிட்ட சொல்லட்டும்னாங்க."

எல்லாரிடமும் எல்லாவற்றையும் ஏழரை மணிக்கு வெளியே போட்டு உடைத்த அம்மா, சாகிற வரை ஏழு வருடம் இதை விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். என் கண் நிறைந்துவிட்டது. "நான் மறுபடி கோயிலுக்குப் போகணும்னு வேண்டிக்கிட்டாங்களா டீச்சர்?" என்று கேட்டேன்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். அதையே வேண்டிக்கட்டுமான்னு கேட்டேன். இல்லைன்னுட்டா." வைதேகி டீச்சர் புடவைத் தலைப்பால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "அவன் போறதும் வர்றதும் ஆண்டவர் பார்த்துப்பார்னா. 'எம்பிள்ளை எங்கிட்ட ஒன்னைச் சொல்லப் பயப்படறான்னா, பயப்படற மாதிரி நான் இருந்திருக்கேன் டீச்சர். நாலு பேர் முன்னாடி அவனை வெக்கப்பட வெச்சிருக்கேன். அவன் சொல்லக்கூடிய அம்மாவா என்னை மாத்தணும்னு உங்க தாயார்கிட்டயும் கேளுங்கோ'ன்னா. அவ தனக்காகக் கேட்டது அது ஒன்னுதான்டா."

அம்மாவின் மற்ற கருத்தெல்லாம் எங்களைத் திருத்தக் கேட்டது. ஐந்தாவது மட்டும் தன்னைத் திருத்தக் கேட்டது. அது எங்கள் காதுக்கு இல்லை என்பதால்தான் வாய்விட்டுச் சொல்லவில்லை. போனில் அவள் "என் சொந்தக் கருத்து ஒன்னுக்காக" என்று சொன்னபோதெல்லாம் நான் மாடிப்படியில் மைக்கை அணைத்துவிட்டு நின்றிருந்தேன். ஒரு நாள் அந்த மைக்கைத் திறந்திருந்தால் போதும்.

கிளம்பும்போது, "அப்போ நான் நிறுத்திடட்டுமா, வேண்டாமா?" என்று டீச்சர் கேட்டார்.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் சொல்லுங்க டீச்சர்" என்றேன்.

6

பஸ்ஸில் திரும்பும்போது லேயாவுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் பிடித்தது. பிறகு எப்போது விட்டாள் என்று எனக்கு நினைவில்லை.

அந்தக் கட்டத்தைத் திருத்துவேனா என்று நீங்கள் கேட்கலாம். என் ஞானஸ்நானச் சான்றிதழின் நகலை எங்கள் கோயிலின் பங்கு அலுவலகத்தில் வாங்கிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஜெர்மனியில் அதை மொழிபெயர்க்க வேண்டும், முத்திரை வாங்க வேண்டும், சீட்டு எடுத்து உட்கார வேண்டும். செய்வேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அம்மா கேட்டது அதுவல்ல என்று இப்போது தெரிந்துவிட்டது.

மாலை ஏழரைக்குத் தென்னூர் வீட்டுக் கூடத்தில் முழங்கால் போட்டோம். அக்கா, அத்தான், நான், லேயா. ஸ்டெல்லா ஆஸ்பத்திரியில் இடைவேளை கேட்டு வாங்கி, போனில் இருந்தாள். முதல் பத்துக்கு அக்கா கருத்துச் சொன்னாள், இரண்டாவது அத்தான், மூன்றாவது ஸ்டெல்லா. நான்காவது நான்.

"ஆண்டவரே" என்றேன். "இதை அம்மாகிட்ட சொல்றேன். நீரும் கேளும். அம்மா, நான் அந்த ஊருக்குப் போனதுமே எனக்கு மதம் இல்லைன்னு எழுதிக் கொடுத்துட்டேன். சம்பளத்துல பிடிப்பாங்கன்னு எழுதினேன். உங்ககிட்ட சொல்ல பயமா இருந்துச்சு. நான் பயப்படுற மாதிரி நீங்க இருந்ததால இல்லம்மா. நான் கோழையா இருந்ததால."

சட்டப்படி யாரும் பேசவில்லை. நான் முதல் பாதியைச் சொன்னேன், அவர்கள் மறுபாதியைச் சொன்னார்கள். பத்தும் முடிந்து ஆமென் சொன்னதும், அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதையும் அரிசி டின்னுக்கு அடியிலதான் வச்சிருந்தியா?" என்றாள். எல்லாரும் சிரித்தோம், அழுதபடியே.

"அஞ்சாவது யார் சொல்றது?" என்று அத்தான் கேட்டார்.

"நான் சொல்றேன்" என்றாள் லேயா. அம்மா மாதிரியே கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "இயேசுவே, நான் லேயா. எனக்கு யூனிவர்சிட்டி வேண்டாம். எனக்கு இன்ஜினியரிங் பிடிக்கல. ஹாம்பர்க்ல மரத்துல படகு கட்டுற ஒரு இடத்துல வேலை கத்துக்க என்னை எடுத்துட்டாங்க. அடுத்த மாசம் போகணும். மூணு மாசமா அப்பாகிட்ட சொல்லல. அப்பா எல்லாம் பிளான் பண்ணி வச்சிருக்காங்க. அவங்க அழக் கூடாது. கோபப்படக் கூடாது. பிட்டே."

எனக்கு வாய் திறந்துவிட்டது. படகா? ஹாம்பர்க் எங்கே, நாங்கள் எங்கே? நாட்டின் அந்தக் கோடி. நான் பேசுவதற்குள் லேயா "அருள் நிறைந்த மரியே" என்று ஆரம்பித்துவிட்டாள். நான் மறுபாதியைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சொன்னேன். என் குரல் எனக்கே கேட்டது, கதவை அறைந்து சாத்துகிற குரல். அந்த ஞாயிற்றுக்கிழமை "அப்புறம் சொல்றேன்" என்றது இதைத்தானா? என் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாளே, அப்படி என்ன முகம் வைத்திருந்தேன் நான்? நான்காவதோ ஐந்தாவதோ சொல்லும்போதுதான் கவனித்தேன். போனில் கேட்டுக் கற்றதால், அம்மா மூச்சு வாங்குகிற அதே இடத்தில் லேயாவும் மூச்சு வாங்கினாள். அம்மா இழுக்கிற சொல்லை இழுத்தாள். அதன் பிறகு எனக்குக் கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. எட்டாவதில் தொண்டை கமறியது. என் பிள்ளை என்னிடம் சொல்லிவிட்டாள். பயந்துகொண்டேதான், ஆனால் சொல்லிவிட்டாள்.

பத்தாவது முடிந்தது. ஆமென் சொன்னோம். அக்கா என்னையே பார்த்தாள். போனில் ஸ்டெல்லாவும் பார்த்தாள். லேயா கண்ணைத் திறக்கவே இல்லை.

மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டேன்:

"ஹாம்பர்க்ல சோறு கெடைக்குமா?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். லேயாவுக்கு அந்தக் கதை தெரியாது. ஒரு கண்ணை மட்டும் திறந்து, நான் திட்டுகிறேனா இல்லையா என்று பார்த்தாள்.

"கிடைக்கும்பா" என்றாள். "நீங்க வந்தா ஆக்கித் தரேன்."